பின்தையலில் விட்ட துணி

பேன்ட் பொய் சொல்லாது என்று எங்களுக்குச் சொன்னவர் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர். அந்த அம்மாவின் குடும்பத்தில் தையல்காரர் யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் நடந்தது. அப்போது அவள் எடை நூற்று இருபத்து நான்கு கிலோ. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். சர்க்கரைக்கு மாத்திரை போதாமல், அடுத்தது இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி போட்டுக்கொள்கிறவருக்கு அவளுடைய போக்குவரத்துக் கழகத்தில் ஸ்டீயரிங்கைக் கொடுக்க மாட்டார்கள். பஸ் பாஸ் கொடுக்கும் கவுன்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். என் மனைவியை உட்கார வைப்பது சுலபமில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போதுகூட அவள் வலது கால் பிரேக்கைத் தேடும். அதனால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்றரை வருடத்தில் எழுபத்தொரு கிலோவுக்கு வந்தாள். சர்க்கரை மாத்திரைகள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் கை தட்டினார்கள். உணவு ஆலோசகர் மட்டும் தட்டவில்லை.

"குறைச்சாச்சு, சரி. இனிமேதான் வேலையே இருக்கு" என்றார். "ரெண்டு மூணு வருஷம் போனா பசி திரும்பி வரும். எடையும் கூடவே வரப் பாக்கும். கொஞ்சம் ஏறுறது எல்லாருக்கும் நடக்கறதுதான். அத சீக்கிரம் பாத்துட்டா போதும். வாரத்துக்கு ஒருதரம் மெஷின்ல ஏறிப் பாருங்க."

"மெஷின்ல ஏற மாட்டேன் மேடம்" என்றாள் என் மனைவி.

அதற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி எடை பார்ப்பாராம். மற்றவர்கள் எடையை நோட்டில் எழுதிக்கொள்வார். இவள் எடையை மட்டும் சத்தமாகப் படிப்பார். அன்றிலிருந்து எடை மெஷினைக் கண்டாலே அவளுக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுவாள்.

ஆலோசகர் வேறு வழி சொன்னார். "சரி, ஒரு பேன்ட் எடுத்துக்குங்க. இன்னைக்கு உங்களுக்குக் கச்சிதமா இருக்கணும். துணி இழுத்தா நீளுற மாதிரி இருக்கக் கூடாது. மாசாமாசம் ஒண்ணாம் தேதி போட்டுப் பாருங்க. வயித்த எக்காம பட்டன் போட முடியலன்னா அன்னைக்கே எங்கிட்ட வாங்க. ரெண்டு கிலோ, மூணு கிலோன்னா ஒரே மாசத்துல சரி பண்ணிடலாம். பத்து கிலோ ஏறினப்புறம் வந்தீங்கன்னா பெரிய வேலை."

பேன்ட்டை நான்தான் தைத்தேன். என் கடை எங்கள் வீட்டின் முன்னறையில் இருக்கிறது. சாம்பல் நிறம், முரட்டுத் துணி, இடுப்பு முப்பத்திரண்டு. பின்தையலில் இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் துணி உள்ளே விட்டேன், பிரித்தால் இடுப்பு அகலும். ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள், நான் தைக்கிற எல்லா பேன்ட்டிலும் விடுவேன். மனிதர்களைப் பற்றி எனக்கு இருக்கும் அபிப்பிராயம் அது.

எங்கள் மகள் அந்தப் பேன்ட்டுக்கு நீதிபதி என்று பெயர் வைத்தாள். அவள் அப்போது பள்ளியில் இருந்தாள், இப்போது கல்லூரிக்குப் போகிறாள். மாதம் ஒன்றாம் தேதி காலையில் அம்மா உள்ளறைக்குள் போவாள், நானும் மகளும் வெளியே நிற்போம். கதவு திறக்கும். "பாஸ்" என்பாள். மூன்று பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போவோம்.

நாலாவது வருடம் வரைக்கும் நீதிபதி அவள் பக்கம்தான். அவளும் சும்மா இருக்கவில்லை. பூனைக்கு வைப்பது போன்ற சின்னத் தட்டில் சாப்பிடுவாள். முதலில் முட்டை, பிறகு காய், இடம் இருந்தால் ஒரு துண்டு ரொட்டி. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்க மாட்டாள், அரை மணி நேரம் கழித்துத்தான். ஒரு முட்டையைத் தின்று முடிக்க அவளுக்கு ஆகும் நேரத்தில் நான் ஒரு சட்டையின் பட்டன் துளைகளுக்கெல்லாம் காஜா எடுத்துவிடுவேன்.

பிறகு அவளுக்கு ரூட் மாற்றினார்கள். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. அந்தக் கடைசி நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் வண்டி நிற்கும். அங்கே ஒரு டீக்கடை. இரைப்பை சின்னதாக இருக்கிறவர்களுக்குப் பெரிய சாப்பாட்டால் ஆபத்தில்லை, அது உள்ளே போகவே போகாது. பிஸ்கட்தான் ஆபத்து. டீயில் நனைத்தால் கரைந்து இறங்கிவிடும். இடம் கேட்காது. சத்தம் போடாது. அடுத்ததைக் கூப்பிடும்.

ஒரு ஒன்றாம் தேதி கதவு திறக்க நேரமாயிற்று. வந்தவள் "பாஸ்" என்று சொல்லவில்லை. நான் துணி வெட்டுகிற மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டாந்தரம் இழுத்தப்பதான் பட்டன் மாட்டுச்சு" என்றாள். "ஆரம்பிச்சிடுச்சு."

"மேடத்தப் போய்ப் பாக்கலாம்" என்றேன்.

"ஒரு மாசம் பாப்போம். நானே இறக்கிடறேன்."

இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. சின்னத் தட்டும் வெளியே வரவில்லை. இருபது வருடம் பட்டினி கிடந்து, நடந்து, ஓடி, மறுபடி ஏறி, மறுபடி பட்டினி கிடந்து, கடைசியில் வயிற்றையே வெட்டிக்கொண்டவள். அவள் முகம் அப்படி வாடியதை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த மாதக் கடைசியில், அவள் டூட்டிக்குப் போன ஒரு மத்தியானம், நீதிபதியை எடுத்துப் பின்தையலைப் பிரித்து இடுப்பை அரை இஞ்ச் பெரிதாக்கினேன். தினமும் போடுகிற சீருடை பேன்ட்டுகளையும் அப்படியே செய்தேன். பழைய தையல் இருந்த இடத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்த்தேன். வேலை சுத்தமாக வந்தது. பாராட்டத்தான் ஆள் இல்லை.

ஒன்றாம் தேதி கதவு உடனே திறந்தது. "பாஸ்!" என்று கத்தினாள். மகளைக் கட்டிப்பிடித்தாள், என்னையும் பிடித்தாள். "பிஸ்கட்ட பாதியாக் குறைச்சேன் இல்ல, அதான்" என்றாள். அன்று முழுக்க வீட்டில் அவள் பாட்டுச் சத்தம். நான் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. மறுநாளிலிருந்து அந்த மிச்சப் பாதி பிஸ்கட்டும் நீதிபதியின் அனுமதியோடு திரும்பி வந்திருக்கும். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அரை இஞ்ச் பெரிய குற்றமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இல்லை என்று நானே சொல்லிக்கொண்டேன். நாலு மாதம் கழித்து இன்னொரு அரை இஞ்ச். அதன் பிறகு முக்கால். உள்ளே இன்னும் துணி இருக்கிறது என்பதே எனக்குத் தைரியமாக இருந்தது.

கண்ணாடியில் அவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தினம் பார்க்கிற முகத்தில் எதுவும் தெரியாது. ஒருநாள் அவளே கன்னத்தைத் தடவி, "ஏங்க, கொஞ்சம் பூசின மாதிரி இல்ல?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "சேச்சே, நீதிபதி போன வாரம்தானே பாஸ் சொன்னாரு" என்று அவளே முடித்துக்கொண்டாள். கழகத்தின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை விளிம்பில் இருக்கிறது, கவனம் என்று எழுதிக் கொடுத்தார்கள். "எடை ஏறல, அப்புறம் எப்படி? டென்ஷனா இருக்கும்" என்றாள். நானும் டென்ஷனாகத்தான் இருக்கும் என்றேன். என்னுடைய டென்ஷனைச் சொன்னேன்.

இரண்டு வருடத்தில் ஐந்து முறை பிரித்தாயிற்று. மூன்று இஞ்ச்சும் தீர்ந்தது. ஆறாவது முறை விடுவதற்குத் துணி இல்லை. அதே துணி கடைகளில் இப்போது வருவதில்லை. கடைசியில் பேன்ட்டின் கால் நுனியில் கத்தரி வைத்து, அந்தத் துண்டை இடுப்பின் பின்னால் ஆப்பு மாதிரி சேர்த்துத் தைத்தேன். இடுப்பு முப்பத்தாறு ஆனது, பேன்ட்டின் நீளம் முக்கால் இஞ்ச் குறைந்தது. அடுத்த ஒன்றாம் தேதி மகள் அம்மாவின் கணுக்காலைப் பார்த்தாள்.

"அம்மா, நீ வளந்துட்டியா?"

"வெயிட்டு குறைஞ்சதுல முதுகு நிமிந்திருக்கும்டி" என்றாள் என் மனைவி. அவளை நான் புத்திசாலி என்றுதான் சொல்வேன். நம்பிக்கை வைத்துவிட்டால் புத்திசாலிகளின் கதி இதுதான்.

அந்த மாதம்தான் தண்ணீர் பாட்டிலைக் கவனித்தேன். வழக்கமாக ஒரு பாட்டில் எடுத்துப் போகிறவள் இரண்டு எடுத்துப் போனாள், பிறகு மூன்று. வீட்டுக்கு வந்ததும் செம்பைக் கையில் எடுத்தால் கீழே வைப்பதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரை ஏறிக் கிடந்த காலத்தில் இப்படித்தான் குடிப்பாள். மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.  ஒருவருடைய சட்டையில் இடது கையையும் வலது கையையும் மாற்றித் தைத்துவிட்டேன்.

நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோழைக்கும் ஒரு திட்டம் இருக்கும். என் திட்டம் இது: ஆப்பைப் பிரித்து எடுத்து, எல்லா இஞ்ச்சையும் மறுபடி உள்ளே பிடித்து, நீதிபதியைப் பழைய முப்பத்திரண்டுக்கே கொண்டுவந்துவிடுவது. ஒன்றாம் தேதி பட்டன் மாட்டாது. அவள் பதறிப்போய் அன்றைக்கே ஆலோசகரிடம் ஓடுவாள். மருந்தோ பத்தியமோ அவர் பார்த்துக்கொள்வார். நான் கையைத் துடைத்துக்கொள்ளலாம்.

ஒன்றாம் தேதி காலை. கதவு திறக்கவே இல்லை. கால் மணி நேரம் கழித்து மகள் தட்டினாள். என் மனைவி நைட்டியோடு வந்தாள், நான்காக மடித்த பேன்ட் கையில் இருந்தது.

"இடுப்பு வரைக்கும்கூட ஏறல" என்றாள். அழவில்லை. "ஒரே மாசத்துல."

பேன்ட்டை அலமாரியில் வைத்தாள். ஆலோசகரிடம் ஓடவில்லை. சீருடையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனாள். அது மட்டும் எப்படி ஏறியது என்று அவள் யோசிக்கவில்லை, நீதிபதி சொன்னால் சொன்னதுதான். அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. "ரெண்டு வாய் சாப்பிடு" என்று தட்டை நீட்டினேன். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவளுடைய கண்டக்டர் போன் பண்ணினார். "சார், பயப்படாதீங்க. அக்காவுக்குக் கண்ண இருட்டிட்டு வந்திருக்கு. ஓரமா நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவிய என் கையில குடுத்துட்டுத்தான் உக்காந்தாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. வண்டியில அறுபது பேரு."

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். கொஞ்சம் பால் குடித்தாள். பிறகு மேசையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதி, என் பக்கம் தள்ளினாள். உடல்நிலை காரணமாக ஓட்டுநர் பணியிலிருந்து என்னை விடுவித்து, பாஸ் கவுன்டரில் வேலை தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான். கையெழுத்து அழகாக இருந்தது.

"எதுக்கு இது?" என்றேன்.

"ஒரே மாசத்துல நாலு இஞ்ச்சாவது ஏறியிருக்கும். நான் அப்படி ஒண்ணும் சாப்பிடல. அப்படின்னா என் உடம்பு என் பேச்சக் கேக்கறதில்லன்னு அர்த்தம். இன்னைக்கு இடுப்பு கேக்கல. நாளைக்குக் கால் பிரேக்குல போக மாட்டேன்னு சொன்னா? நாளைக்கு டெப்போவுல குடுத்துடறேன்."

 எழுந்து போய் அலமாரியிலிருந்து பேன்ட்டை எடுத்தேன். உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெட்டு மேசையில் விரித்து, விளக்கைக் கீழே இழுத்துவிட்டேன்.

பிரித்த தையலை எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகாது. ஊசி போன துளைகள் நிற்கும். பின்தையலின் இரண்டு பக்கமும் வரிவரியாக நின்றன. ஓரத்தில் ஆப்பு வைத்துப் பிரித்த தழும்பு. குட்டையான கால்.

அவள் தையல்காரனோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் செய்தவள். விளக்கம் கேட்கவில்லை. விரலை முதல் வரியில் வைத்தாள்.

"இது எப்ப?"

"ரூட்டு மாத்தின வருஷம். ரெண்டாந்தரம் இழுத்துப் பட்டன் மாட்டினியே, அந்த மாசக் கடைசியில."

"இது?"

"உங்க அண்ணன் வீட்டுல போய் ஒரு வாரம் இருந்துட்டு வந்தியே, அப்ப."

ஆறு வரிக்கும் கேட்டாள். ஆறுக்கும் சொன்னேன். எனக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. தன் உடம்பு இரண்டு வருடமாக என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அவள் என் துளைகளில் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தாள்.

"அப்ப ஒரு மாசத்துல ஏறல" என்றாள்.

"இல்ல."

"ரெண்டு வருஷம்."

"ஆமா. நீ அழுதா என்னால பாக்க முடியல. அதான்..."

"நான் எப்ப அழுதேன்? ரெண்டு நாள் பேசாம இருந்தேன். அவ்வளவுதான்." குரலை அவள் உயர்த்தவே இல்லை. "மொத அரை இஞ்ச்லயே மேடத்துக்கிட்டப் போயிருப்பேன். ஒரு மாச வேலை. இன்னைக்குக் கண்ண இருட்டிட்டு வந்தப்ப அறுபது பேர வெச்சுக்கிட்டு வண்டிய ஓரங்கட்டினேன். அது என்னால முடிஞ்சுது. தினமும் அத்தன பேர வெச்சுதான் ஓட்டறேன். ஆனா ஒரு அரை இஞ்ச் துணியப் பாக்க என்னால முடியாதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க."

  என் மனைவியின் முகம் வாடுவதைத்தான் தாங்க முடியவில்லை என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தாங்க முடியாதவன் நான்தான், அவள் இல்லை. அது எனக்கு அந்த மேசை முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

மறுநாள் கடிதத்தை டெப்போவில் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை, பையில் வைத்திருந்தாள். லீவு போட்டுவிட்டு, பேன்ட்டை ஒரு கவரில் போட்டுக்கொண்டு ஆலோசகரிடம் போனாள். நானும் வருகிறேன் என்றேன். "வேணாம்" என்றாள். மகள் கூடப் போனாள்.

மகள் வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். ஆலோசகர் பேன்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமா ரெக்கார்ட் வெச்சிருக்கற பேஷன்ட்ட நான் பாத்ததில்ல" என்றாராம். பிறகு இதைத் தைத்தவரை இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாராம். அதன் பிறகு என் மனைவி, யாரும் கேட்காமலேயே, மூலையில் இருந்த எடை மெஷினில் போய் ஏறியிருக்கிறாள். கண்ணைத் திறந்துகொண்டு. எண்பத்து நாலு என்று சத்தமாகப் படித்தது அவளேதானாம்.

ரத்தத்தில் சர்க்கரை கோட்டைத் தாண்டியிருந்தது, ஆனால் ஊசி வரைக்கும் போகவில்லை. ஒரு மாத்திரை மறுபடி வந்தது. சின்னத் தட்டும் வந்தது. டீக்கடையில் டீக்குப் பதில் என்ன, பிஸ்கட்டுக்குப் பதில் என்ன என்று மகள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். மருத்துவப் பரிசோதனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு வண்டி ஓட்ட அனுமதித்தார்கள். வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்கி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறுவாள். எண்ணை மகளிடம் சொல்லுவாள். என்னிடம் சொல்வதில்லை. கதவு சாத்தியிருக்கும், எனக்குக் காது மந்தமில்லை, ஆனாலும் கேட்காத மாதிரி தையல் மெஷினை மிதிப்பேன்.

என்னோடு பேசுகிறாள். கோபித்துக்கொண்டு மூலையில் உட்காருகிற ரகம் இல்லை அவள். டீ போட்டுத் தருகிறாள், கரன்ட் போனால் என்னைத்தான் கூப்பிடுகிறாள். எல்லாம் பழையபடி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், புதுச் சீருடைத் துணி வரும்வரை.

கழகத்தில் வருடத்துக்கு இரண்டு செட் துணி கொடுப்பார்கள். அதை அவள் கொண்டுவந்த அன்று நான் மேசையைத் துடைத்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். அவள் துணியை ஒரு பையில் வைத்தாள்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"டெப்போ பக்கத்துல ஒரு டெய்லர் இருக்காரு. அங்க குடுக்கறேன்."

"நான் இருக்கும்போதா?"

"ஆமா" என்றாள். 

இருபத்திரண்டு வருடத்தில் அவள் ரவிக்கையிலிருந்து மழைக்கோட்டு வரை நான் தைக்காதது இல்லை. இப்போது என் மனைவியின் இடுப்பளவு எவனோ ஒருவனுடைய நோட்டில் இருக்கிறது, எனக்குத் தெரியாது. எனக்கு வலித்தது. நியாயமான வலிதான் என்பதால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

ஒரு வாரத்தில் சீருடை வந்தது. காலையில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். பேன்ட் சரியாக இருந்தது, இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. சட்டையில் இடது காலர் கால் இஞ்ச் தூக்கிக்கொண்டு நின்றது. அவசரத்தில் தைத்திருக்கிறான் மடையன். என் கை தானாக அதன் பக்கம் போனது, பாதியில் இழுத்துக்கொண்டேன்.

"காலர் ஒரு பக்கம் தூக்கியிருக்கு" என்றேன். "கழட்டிக் குடு, அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடறேன். டூட்டிக்கு நேரம் இருக்கு."

அவள் கண்ணாடியில் காலரைப் பார்த்தாள். விரலால் ஒருமுறை அழுத்தினாள். அது மறுபடி தூக்கிக்கொண்டது.

"இருக்கட்டும்" என்றாள். "தூக்கியிருக்கறது எனக்குத் தெரியுது. தெரிஞ்சா போதும்."

பையை மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, வண்டியெடுக்கக் கிளம்பிப் போனாள்.